முதல் ஹவருக்கு வராதவர்கள்

காலை 9.52. நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படியில் சாப்பாட்டுப் பைகள் வரிசையாக நின்றன. ஆட்கள் யாரும் இல்லை.

படிக்கு ஒன்றாக, கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பதினேழு பைகள். ஜவுளிக்கடைக் கட்டைப் பைகள், மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பை, ஒரு ஒயர் கூடை. மேலிருந்து ஐந்தாவது பையின் கைப்பிடியில் நீல ரிப்பன் கட்டியிருந்தது. முதல் பை துணை முதல்வர் அறைக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. கதவு பூட்டியிருந்தது. எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கலந்த வாசனை படி முழுக்க இருந்தது.

அப்போது நான் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் அட்டெண்டன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவை நகருக்குள் இருக்கும் கலை அறிவியல் கல்லூரி. ஹாஸ்டல் சிறியது. நூற்றுக்கு எண்பது பேர் டே ஸ்காலர்கள். காரமடை, அன்னூர், கருமத்தம்பட்டி, பல்லடம் என்று நாலு திசையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். நான் கணபதியிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். இருபது நிமிடம். என் வாழ்நாளில் நான் கல்லூரிக்கு லேட்டாக வந்தது மொத்தம் நான்கு முறை.

அங்கே சேருவதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்தேன். மூலப் பிரதி இடது பக்கம், அச்சுப் பிரதி வலது பக்கம், நடுவில் ஓர் அடிக்கோல். அந்த வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன், நேரம் குறிப்பேன். பைகளையும் அப்படித்தான் எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. நான் எழுதியது தவறாக இருந்தது.

ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த செமஸ்டரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அவர்களுக்காக இது.

1. லேட் ஸ்லிப்

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து ஹவர். முதல் ஹவர் 9.30 முதல் 10.20 வரை. ஆசிரியர் வகுப்பிலேயே செல்போன் ஆப்பில் அட்டெண்டன்ஸ் போடுவார். 9.40க்கு ஆப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிறவர் வகுப்புக்குள் போக முடியாது. துணை முதல்வரிடம் லேட் ஸ்லிப் வாங்கினால்தான் இரண்டாவது ஹவரில் உட்காரலாம்.

துணை முதல்வர் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு அறையைத் திறப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி, ஓர் அறிவுரை, ஒரு கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் எழுதுவார். அதில் அவர் கண்டிப்பானவர். 10.20 அடிப்பதற்குள் பத்துப் பேர் தாண்டுவார்கள். 10.20 தாண்டிய ஸ்லிப் மூன்றாவது ஹவருக்குத்தான் செல்லும்; பதினோராவது ஆளுக்கு இரண்டாவது ஹவரும் போய்விடும். தாமதமாக வந்தவர்களுக்கு உதவத்தான் அந்த ஸ்லிப்பை ஏற்படுத்தியிருந்தார்கள். அதை வாங்கப் போய் இன்னும் தாமதமானார்கள்.

எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. தினமும் முதல் ஹவர் போனாலும் எண்பது நிற்கும். இரண்டாவதும் போனால் அறுபது. இந்தக் கணக்கை ஸ்லிப் வாங்கும் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்த வரிசையில் இடம் பிடிப்பது முக்கியமாக இருந்தது. பஸ் இறங்கி ஓடி வந்ததும் பையைப் படியில் வைப்பார்கள். வந்த வரிசைப்படி பை. பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது அவரவர் பைக்குப் பக்கத்தில் அவரவர் நிற்பார்கள். யாரும் யாருடைய பையையும் நகர்த்த மாட்டார்கள். நான் பார்த்தவரை அந்த வரிசையில் ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை.

அன்று 9.52க்கு நான் பார்த்தது ஆளில்லாத வரிசை. பையை வைத்துவிட்டு கேண்டீனுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். சீட்டுக்குத் திரும்பி, முதல்வருக்கு அனுப்பும் தினக் குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: “தாமதமாக வரும் மாணவ மாணவியர் சாப்பாட்டுப் பைகளை வரிசையில் வைத்துவிட்டு வளாகத்தில் திரிகின்றனர்.”

இரண்டு நாளில் சர்க்குலர் வந்தது. பைகளை வரிசையில் வைக்கக் கூடாது, நேரில் நிற்பவர்களுக்கு மட்டுமே ஸ்லிப். டைப் செய்ததும் நான்தான்.

2. மணமக்கள் பெயர்

சர்க்குலர் ஒட்டிய மறுநாள் காலை, அதைப் படிக்காதவர்களின் பைகளை அட்டெண்டர் மயில்சாமி அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். ஸ்டாம்ப் பேடுக்கும் பஞ்சிங் மெஷினுக்கும் நடுவில் பதினொரு பைகள். பத்தே காலுக்கு ஒரு பையன் ஓடி வந்தான். நவீன். இறுதியாண்டு கணிதம், ஊர் கருமத்தம்பட்டி. வீட்டுக்குள்ளேயே பவர்லூம் ஓடுவதால் சாதாரணமாகப் பேசினாலும் சத்தமாகத்தான் பேசுவான்.

“ஏனுங்க மேடம், எம்பட பை இங்க வந்துருச்சுங்களா?”

“எந்தப் பை கண்ணு? பேரைச் சொல்லு” என்றார் மயில்சாமி.

“மாப்பிள்ளை ரமேசு, பொண்ணு சுகன்யாங்க.”

“உன்ற பேரைக் கேட்டா கல்யாணப் பத்திரிகை படிக்கறான் பாருங்க மேடம்.”

“பைல அதானுங்ணா எளுதியிருக்குது. உள்ள தயிர் சோறு இருக்குமுங்க. வேணும்னா தொறந்து பாத்துப்போடுங்க.”

பையைக் கொடுத்தேன். அவன் போகவில்லை.

“மேடம், பை வரிசைல நின்னா தப்புங்களா? எங்கூரு ரேசன் கடைல கல்லே நிக்குதுங்க. கல்லுக்கு இருக்கற மரியாதைகூட எங்க தயிர் சோத்துக்கு இல்லீங்களே.”

“ரேஷன் கடை வேற, காலேஜ் வேற” என்றேன்.

“சரிங்க. பைக்கும் ஒரு ஸ்லிப்பு போட்டுக் குடுத்துருங்க, அது லேட்டா வந்துபோட்டுது.”

மயில்சாமி சிரித்தார். நானும் சிரித்தேன். பையை வைத்துவிட்டு நீ எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. நாளிதழில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அதன் பிறகு படியில் ஆட்கள் நின்றார்கள். வரிசை ஒழுங்காக இருந்தது. காலையில் அந்தப் படியைக் கடக்கும்போது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

3. தூண்

செமஸ்டர் முடியப் பத்து நாள் இருந்தபோது, தகுதியில்லாதோர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். முப்பத்தொரு பெயர். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. டெங்கு சீசன் என்று துறைகளில் பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியம் ஒரு பெண் கவுண்டரில் வந்து நின்றாள். தோளில் கட்டைப் பை. கைப்பிடியில் நீல ரிப்பன். கவிப்பிரியா, இறுதியாண்டு கணிதம், அறுபத்து நான்கு சதவீதம். காரமடையில் இறங்கி மேற்கே உள்ளே போக வேண்டிய ஒரு கிராமம்.

“மெடிக்கல் சர்டிஃபிகேட் இருக்காம்மா?” என்று கேட்டேன். எல்லோரிடமும் முதலில் கேட்பது அது.

“எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க மேடம்.”

“அறுபத்தஞ்சுக்கு மேல இருந்தாத்தான் சர்டிஃபிகேட்டே செல்லும். உனக்கு அதுவும் இல்ல. என்ன பண்றது?”

அவள் பைக்குள்ளிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தாள். டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கொடுக்கும் கட்டணமில்லாத டிக்கெட்டுகள். ஒரு நாளைக்கு மூன்று. மெஷின் டிக்கெட் என்பதால் நேரம் அச்சாகியிருக்கும். ஊரில் ஏறியது 7.35. காரமடையில் 8.20. காந்திபுரத்தில் 9.26. அடுத்த நாள், அதற்கடுத்த நாள், எல்லாம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே. கல்லூரி வாசலுக்கு 9.42க்கு முன்னால் வர வழியே இல்லை.

“இது லேட்டுக்குச் சாட்சி. ஆப்சென்டுக்கு இல்லையே. மொத ஹவர் போனாலும் எண்பது நிக்கணும். நீ ரெண்டாவது ஹவரும் விட்டிருக்க. ஸ்லிப் ஏன் நேரத்துக்கு வாங்கல?”

“வரிசைல கடைசியாயிருமுங்க மேடம்.”

“முன்னாடியே போய் நின்னிருக்கலாம் இல்ல? மொத ஹவர்ல எங்க இருந்த?”

“கிளாஸ்லதானுங்க.”

“கிளாஸ்லயா? ஒரு நாள்கூட பிரசென்ட் இல்லையே.”

“கிளாஸுக்கு வெளியிலீங்க மேடம்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்னாள். பையைப் படியில் வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வகுப்புக் காரிடாருக்குப் போய்விடுவார்கள். ஜன்னல் ஓரமாக நின்று பாடம் கேட்பார்கள். பத்து மணிக்கு ஓடி வந்து பைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பையை வைக்கக் கூடாது என்றான பிறகு, முக்கால்வாசிப் பேர் காரிடாரை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். இவளும் இன்னும் சிலரும் வரிசையை விட்டுவிட்டுக் காரிடாரில் நின்றார்கள்.

“ஏம்மா, ஸ்லிப்தான முக்கியம்?”

“ஸ்லிப்பு வாங்குனா அட்டெண்டன்ஸ் வருமுங்க. ரியல் அனாலிசிஸ் வராதுங்களே மேடம்.”

நோட்டைக் காட்டச் சொன்னேன். பெரிய சைஸ் நோட்டு. திறந்ததும் என் கண்ணில் பட்டது கணக்கு இல்லை, மை. ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு பென்சில், மீதி பேனா. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அப்படியே. செங்குத்தாக ஒரு கோடு கிழித்ததுபோல் பென்சில் முடிந்து பேனா தொடங்கியது.

“இது என்ன?”

“தூணுங்க மேடம். ஜன்னல்ல நின்னா போர்டுல எடது பக்கம் தூண் மறைச்சுக்குமுங்க. தெரியறத அப்பவே பேனால எளுதிப்போடுவேன். மறைஞ்சத மத்தியானம் ஹாஸ்டல் புள்ளைக நோட்டப் பாத்து பென்சில்ல எளுதிக்குவேனுங்க.”

புரூஃப் பார்த்தவளுக்கு அடுத்ததைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்க்குலர் வந்த தேதியைத் தேடிப் புரட்டினேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் பேனா எழுத்து அரைப் பக்கத்தில் நின்றிருந்தது. பத்து மணிக்குப் பைக்கு ஓடியிருக்கிறாள். அதற்குப் பிறகு பேனா பக்கம் முழுக்க ஓடியது, மறுபக்கமும் தாண்டியது. எப்படியும் கடைசி ஆள்தான் என்று ஆன பிறகு, ஹவர் முழுவதும் நின்று கேட்டிருக்கிறாள். சர்க்குலர் என்ன செய்தது என்பது தேதிவாரியாக அந்த நோட்டில் இருந்தது.

“இந்த செமஸ்டர் போனா என்ன பண்ணுவ?”

“இன்னொரு வருசமெல்லாம் ஊட்டுல விடமாட்டாங்க மேடம். அம்மா போற மில்லுல எனக்கும் சொல்லி வெச்சிருக்காங்க. பரிச்சை எளுதிட்டா எம்மெஸ்சிக்குன்னு சொல்லி அதை நிறுத்திப்போடலாமுங்க.”

நோட்டை என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன். “மத்தியானக் கிளாஸுக்கு வேணுமுங்களே” என்றாள். பரீட்சைக்கே அனுமதி இல்லாத நிலையில் மதிய வகுப்புக்கு நோட்டுக் கேட்டாள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

4. வலது பக்கம்

மறுநாள் 9.55க்கு அந்தக் காரிடாரில் போய் நின்றேன். மூன்று பேர் ஜன்னல் ஓரம் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நகரப் பார்த்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினேன். கவிப்பிரியாவுக்குப் பக்கத்தில் நின்று போர்டைப் பார்த்தேன். தூண் இடது பக்கத்தை மறைத்தது. பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் சாவித்திரி மேடம், கணிதத் துறை. அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஜன்னல் கதவுகள் முழுக்கத் திறந்திருந்தன. மற்ற வகுப்புகளில் மின்விசிறிக் காற்றுக்குப் பேப்பர் பறக்கிறது என்று பாதி மூடியிருப்பார்கள்.

அன்று மதியமே முதல்வரைப் பார்த்தேன். துணை முதல்வரும் இருந்தார். கவிப்பிரியாவையும் கூப்பிட்டிருந்தார்கள். டிக்கெட் கட்டைத் துணை முதல்வர் புரட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்கு முந்தின பஸ்ஸுக்கு வரக் கூடாதா?”

“முந்தின பஸ்ஸு அஞ்சு அம்பதுக்குங்க சார். அதுல வந்தா ஏளே முக்காலுக்கு இங்க வந்துருவேனுங்க. கேட்டு எட்டரைக்குத்தானுங்க தொறக்கறாங்க.”

“முக்கால் மணி நேரம் நின்னா என்ன?”

“மொத வருசம் ஒரு வாரம் நின்னு பாத்தனுங்க சார்.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னாள். “நாலாம் நாள் ஒரு மோட்டார் வண்டி எம் பக்கத்துல வந்து நின்னுதுங்க மேடம். அஞ்சாம் நாளும் வந்துது. அப்புறம் நான் அந்த பஸ்ஸுல வாரதில்லீங்க.”

முதல்வர் ஜெராக்ஸ் பக்கங்களைப் பார்த்தார். எழுந்து, “வாங்க” என்று காரிடாருக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அப்போது வகுப்பு காலி. போர்டு அழிக்காமல் இருந்தது. அவர் ஜன்னலில் நின்று பார்த்தார்.

“இங்கிருந்து பாதி போர்டு தெரியலையே.”

சத்தம் கேட்டு ஸ்டாஃப் ரூமிலிருந்து சாவித்திரி மேடம் வந்தார். “எனக்கு அது தெரியுமுங்க சார். அதனாலதான் முக்கியமான ஸ்டெப்பெல்லாம் வலது பக்கமா தள்ளி எழுதறேன்” என்றார்.

போர்டை மறுபடி பார்த்தேன். இடது பக்கம் ஒன்றரை அடிக்குக் கணக்கு எதுவும் இல்லை. தேற்றத்தின் பெயரும் வரி எண்களும் ‘எனவே’க்களும்தான் அங்கே இருந்தன.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்” என்றார் துணை முதல்வர்.

“சொல்லியிருந்தா காரிடார்ல நிக்கக் கூடாதுன்னு ஒரு சர்க்குலர் வந்திருக்கும் சார்.”

நான் சொன்னேன்: “பை விஷயத்துல அந்தக் குறிப்பை எழுதினது நான்தான் சார். எங்க போறாங்கன்னு பார்க்காம எழுதிட்டேன்.”

முதல்வர் என்னைப் பார்த்தார். “எழுதுனது நீங்க. கையெழுத்துப் போட்டது நானுங்க. அதை அப்புறம் பார்த்துக்கலாம். கணக்கு என்ன வருது, அதைச் சொல்லுங்க.”

கணக்கு என்னிடம் தயாராக இல்லை. ஆனால் கணக்குப் போட வழி இருந்தது. ஸ்லிப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் என் அலமாரியில்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, துணை முதல்வர் கைப்பட எழுதிய நேரம்.

“மொத ஹவர் குடுக்க முடியாதுங்க. பூட்டுனது பூட்டுனதுதான்” என்றார் முதல்வர். “ரெண்டாவது ஹவர் வேற. பத்தரைக்கு ஸ்லிப்புன்னு சார் எழுதியிருந்தா, அந்தப் பிள்ளை பத்தரைக்கு நம்ம படியில நின்னுதுன்னு அர்த்தம். நாம நிறுத்தி வெச்சுட்டு நாமளே ஆப்சென்ட் போட முடியாது.”

துணை முதல்வர் தலையசைத்தார். “நேரம் நான் சரியாத்தான் எழுதியிருப்பேன்” என்றார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

இரண்டு நாள் நானும் மயில்சாமியும் உட்கார்ந்தோம். அவர் அடிக்கட்டையைப் படிக்க, நான் பட்டியலில் குறித்தேன். “கவிப்பிரியா, பத்து முப்பத்திரண்டு. கவிப்பிரியா, பத்து இருபத்தெட்டு. இந்த அம்மணி பேரைப் படிச்சுப் படிச்சு எனக்கே மனப்பாடமாயிருச்சுங்க மேடம்.” கடைசியில் ஐம்பத்தைந்து அடிக்கட்டைகள் அவள் பெயரில் நின்றன. ஐம்பத்தைந்து ஹவர். நானூற்றைம்பதில் இருநூற்றுத் தொண்ணூறு வந்தவள், முந்நூற்று நாற்பத்தைந்து ஆனாள். எழுபத்தாறு புள்ளி ஆறு.

முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் எழுபத்தைந்தைத் தாண்டினார்கள். சிலரை மெடிக்கல் சர்டிஃபிகேட் காப்பாற்றியது. ஐந்து பேரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் உண்மையிலேயே வரவில்லை. டெங்கு வந்தவர் ஒருவர்தான்.

5. நாலு மணிக்கு மேல்

பிறகு செய்தவை ஒவ்வொன்றும் சின்னது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்லிப்பை கேட்டிலேயே வாட்ச்மேன் நேர முத்திரை குத்திக் கொடுத்தார். படியில் வரிசை போனது. கடினமான பாடங்களை முதல் ஹவரில் போட வேண்டாம் என்று டைம்டேபிள் போடுகிறவர்களிடம் சொன்னோம். சாவித்திரி மேடம் மூன்றாவது ஹவருக்கு மாறினார். மாறிய பிறகும் ஒரு மாதம் வலது பக்கமே எழுதிக்கொண்டிருந்தார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பஸ்ஸை இருபது நிமிடம் முன்னால் விடக் கேட்டு இரண்டு முறை எழுதினோம். பஸ் நேரம் மாறவில்லை.

அட்மிஷன் ஃபாரத்தில் வீட்டு முகவரி கேட்டிருந்தோமே தவிர, அங்கிருந்து எப்படி வருகிறாய் என்று கேட்கவில்லை. அதில் ஒரு கட்டம் சேர்த்தோம். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எத்தனை இடத்தில் மாற வேண்டும், திரும்பிப் போகக் கடைசி பஸ் எது. முதல் வருடமே அந்தக் கட்டம் எனக்கு நிறையச் சொன்னது. இன்டர்னல் டெஸ்டை நாலு மணிக்கு வைத்தால் அன்னூருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு நாலரை பஸ் போய்விடும், அடுத்தது ஆறே கால். குரூப் பிராஜெக்டில் அவர்கள் பெயர் எப்போதும் கடைசியில் இருந்ததற்கும் காரணம் அதுதான். மற்றவர்கள் நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து செய்தார்கள். டெஸ்ட்டை மதியத்துக்கு மாற்றினோம்.

பழைய விடைத்தாள் போட்டு வைத்திருந்த கீழ்த்தள அறையைக் காலி செய்து டே ஸ்காலர்களுக்குக் கொடுத்தோம். நாலு பெஞ்சு, இரண்டு ஃபேன், சார்ஜ் போட ஆறு பிளக், குடிதண்ணீர் டிரம், ஒரு கண்ணாடி. சுவரோரம் சாப்பாட்டுப் பைகளுக்கு இரும்பு ரேக். ரேக் வேண்டும் என்று கேட்டது மயில்சாமி. முதல் தட்டில் இடம் பிடிக்க அங்கேயும் வரிசை வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மழைக்காலத்தில் அந்த அறை கொடியில் துணி காயும் வீடு மாதிரி இருக்கும். பெஞ்சு நுனியில் துப்பட்டாவும் சாக்ஸும் காயும். ரெக்கார்டு நோட்டுகளைப் பாலிதீன் கவருக்குள்ளிருந்து எடுத்து ஃபேனுக்கு நேராக விரித்து வைத்திருப்பார்கள். பதினொன்று பத்து இடைவேளையில் பாதி டிபன் பாக்ஸ் காலியாகிவிடும். விடியற்காலையில் கிளம்பியவர்களுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஒரு பெட்டியின் மூடியில் நாலு பேர் சாப்பிடுவார்கள். ஓய்வு பெறும்வரை அந்த நேரத்தில் ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். ஃபைல் அங்கே தேவைப்பட்டதில்லை.

நவீனைப் பற்றிச் சொல்லவில்லையே. சர்க்குலருக்குப் பிறகு அவன் ஒழுங்காக வரிசையில் நின்றான். நேரத்துக்கு ஸ்லிப் வாங்கினான். பட்டியலில் அவன் பெயர் வரவேயில்லை. எண்பத்தோரு சதவீதம். ரிசல்ட் வந்த அன்று கவுண்டருக்கு வந்தான்.

“மேடம், ஸ்லிப்பு பாஸுங்க. ரியல் அனாலிசிஸ் பெயிலுங்க.”

“கவிப்பிரியா நோட்டை வாங்கிப் படிச்சிருக்கலாம் இல்ல?”

“வாங்குனனுங்க மேடம். பேனா எதுக்கு, பென்சில் எதுக்குன்னு கேட்டேன். அதைக் கேக்கறதுக்கு பதுலு கணக்கைக் கேளுடான்னு சொல்லிப்போட்டுது.”

அடுத்த முறை பாஸ் செய்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நம் மேசைக்கு வரும் ஒவ்வொரு பட்டியலும் ஒருவர் வரவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எங்கே இருந்தார் என்று சொல்லாது. அதை எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும். என் மேசையிலிருந்து அந்தக் காரிடாருக்கு நாற்பது அடி. நான் போக ஒரு செமஸ்டர் ஆனது.

அந்த செமஸ்டரின் தேர்வு பத்து மணிக்கு. ஹாலுக்குள் 9.30க்கு இருக்க வேண்டும். 7.35 பஸ்ஸில் வந்தால் முடியாது, 5.50 பஸ்தான். முதல் தேர்வுக்கு முந்தைய நாள்தான் கேட்டைக் காலை ஏழரைக்குத் திறக்க உத்தரவு போட்டார்கள். அப்போது பாதிதான் காலியாகியிருந்த கீழ்த்தள அறையின் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு பதிவேட்டையும் அங்கே வைத்தோம். நான் அன்று வழக்கம்போல் ஒன்பது மணிக்குத்தான் போனேன். போனதும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

முதல் வரி: கவிப்பிரியா, இறுதியாண்டு கணிதம், உள்ளே வந்த நேரம் 7.46.